விடுமுறையிலும் கைவிடாத கணக்கு

தவணைப் பரீட்சை முடிந்த நாளில் பிள்ளைக்குக் கழித்தலும் பெருக்கலும் நன்றாகவே தெரியும். பள்ளிக்கூடம் மறுபடி தொடங்கும் கிழமையில் அதே பிள்ளை 503இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் 475 என்று எழுதுகிறது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுகிறது. கடன் வாங்கும் முறை கையைவிட்டுப் போயிருக்கிறது. இதைக் கண்டு “எல்லாத்தையும் மறந்திட்டாய்” என்று கோபப்படும் பெற்றோர் பலர். கோபம் வேண்டாம். பயிற்சியில்லாத எந்தச் செய்முறையும் மங்கும். சரியான விடை 325 என்பதை அந்தப் பிள்ளை சில நாட்களிலேயே திரும்பப் பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களையும் இழக்காமல் இருக்க வழி உண்டு. இந்த அதிகாரம் அதைப் பற்றியது.

விடுமுறை மறதியை அதிகம் ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கோடை விடுமுறை இரண்டு, மூன்று மாதம் நீளும். ஹாரிஸ் கூப்பரும் அவரோடு பணியாற்றியவர்களும் அதுவரை வந்த 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட முடிவு இன்றும் பேசப்படுகிறது. கோடை முடிந்து வரும் பிள்ளைகள் சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பளவு பின்தங்கியிருந்தார்கள். வாசிப்பைவிடக் கணிதத்தில் இழப்புக் கூடுதல். கணிதத்திலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற செய்கைகளே அதிகம் நழுவின.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். விடுமுறையிலும் வாசிப்பு தானாக நடக்கிறது. கடைப் பலகை, பேருந்தின் பெயர்ப்பலகை, தொலைபேசித் திரை, கோயில் அறிவித்தல் எல்லாம் பிள்ளையின் கண்ணில் படுகின்றன. ஆனால் 96ஐ நான்கால் வகுக்கும்படி வீட்டில் யாரும் கேட்பதில்லை.

இங்கே இலங்கையில் எங்கள் பாடசாலைகளில் விடுமுறை அவ்வளவு நீளமில்லை. ஆனால் ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது. நாட்காட்டி சில ஆண்டுகளில் முன்பின்னாக மாறினாலும் சித்திரை, ஆவணி, மார்கழி என்ற ஒழுங்கைப் பெற்றோர் அறிவார்கள். சிறு சிறு மறதி மூன்று தடவை சேரும்போது அடுத்த தரத்துக்குப் போகும் பிள்ளையின் அடித்தளத்தில் ஓட்டை விழுகிறது. தரம் 3இன் பெருக்கல் உறுதியாக இல்லாத பிள்ளைக்குத் தரம் 4இன் வகுத்தலும் தரம் 5இன் பின்னமும் மலையாகத் தெரிவது இதனால்தான்.

சந்தைக் கணக்கும் கொப்பிக் கணக்கும்

வழிமுறைகளுக்குப் போகுமுன் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பிரேசிலின் ரெசீஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களிடம் தெரெசீனியா நூன்ஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போல் சென்று கணக்குக் கேட்டார்கள். அவர்கள் 1985இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வியாபாரத்தின்போது அந்தப் பிள்ளைகள் நூற்றுக்கு 98 தடவை சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37தான். ஒரு தேங்காய் 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டபோது 12 வயதுச் சிறுவன் ஒருவன் மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, இன்னும் மூன்றுக்கு 315, கடைசி ஒன்றோடு 350 என்று வந்தான். பத்தால் பெருக்கப் பூச்சியம் சேர்க்கும் பள்ளிவழியை அவன் தொடவேயில்லை.

நோபெல் பரிசு பெற்ற பொருளியலாளர்களான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களோடு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதையொத்த ஆய்வை நடத்தி 2025இல் வெளியிட்டார்கள். சந்தைப் பிள்ளைகள் சிக்கலான விலைக் கணக்கை மனத்தால் செய்தார்கள். பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் தாள் கணக்கைச் செய்தார்கள். சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஓரிடத்தில் கற்றது மற்ற இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை.

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் வாழும் எங்கள் பெற்றோருக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு வேறில்லை என்பேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கொப்பிப் பக்கத்தில் நிற்பவர்கள். பள்ளிக்கூடமும் ரியூசனும் மாதிரி வினாத்தாளும் அவர்களுக்குத் தாள் கணக்கைத் தாராளமாகத் தருகின்றன. காங்கேசன்துறை வீதிச் சந்தியில் பெரிய மரக்கறிச் சந்தை ஒன்று கூப்பிடு தூரத்தில் இருந்தும், அங்கே நடக்கும் கணக்கு அவர்கள் கொப்பிக்கு வருவதில்லை. விடுமுறை இந்த இரண்டையும் இணைக்கக் கிடைக்கும் காலம். இந்த அதிகாரத்தின் ஒரே விதி இதுதான்: வாயால் செய்த கணக்கு அன்றைக்கே கொப்பியில் ஏற வேண்டும், கொப்பியில் செய்த கணக்குக்கு வீட்டிலோ தோட்டத்திலோ சந்தையிலோ ஓர் இடம் காட்ட வேண்டும்.

முதல் நாள்: எது தெரியும், எது நழுவுகிறது

விடுமுறையின் முதல் கிழமையில் ஒரு நாள், பிள்ளை களைப்பில்லாமல் இருக்கும் நேரத்தில், பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சை என்று சொல்ல வேண்டாம். கீழேயுள்ளவற்றில் பிள்ளையின் தரத்துக்கு உரியதையும் அதற்கு முந்திய தரத்துக்கு உரியதையும் கேளுங்கள்.

தரம் 1, 2 பிள்ளைக்கு: 8ஐயும் 7ஐயும் விரல் விடாமல் கூட்டுமா? 13இலிருந்து 5 போனால் என்ன? குவித்து வைத்த புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணுமா? 47, 74 இரண்டில் பெரியது எது, ஏன்?

தரம் 3 பிள்ளைக்கு: 46ஐயும் 38ஐயும் கூட்டினால் 84 வருகிறதா? 72இலிருந்து 35 போனால் 37 வருகிறதா? 2, 3, 4, 5, 10ஆம் வாய்பாடுகளை இடையிலிருந்து கேட்டால் சொல்லுமா?

தரம் 4 பிள்ளைக்கு: 503 கழித்தல் 178. 64 பெருக்கல் 7. 96 வகுத்தல் 4. ஒரு கிலோவில் 350 கிராம் எடுத்தால் மிச்சம் எவ்வளவு?

தரம் 5 பிள்ளைக்கு: 612ஐ ஆறால் வகுத்தால் 102 வருகிறதா, 12 வருகிறதா? 60இல் முக்கால் பங்கு எவ்வளவு? இரண்டரைக் கிலோவும் 750 கிராமும் சேர்ந்தால் என்ன? காலை 6.45க்குப் புறப்பட்ட ரயில் 8.10க்குச் சேர்ந்தால் பயணம் எவ்வளவு நேரம்?

கடைசிக் கேள்விக்குப் பல பிள்ளைகள் 1.65 என்று எழுதும். மணித்தியாலத்துக்கு 60 நிமிடம் என்பதை மறந்து நூறாகக் கடன் வாங்குவதால் வரும் பிழை அது. 6.45இலிருந்து 7 மணிக்கு 15 நிமிடம், 8 மணிக்கு இன்னும் 60, பிறகு 10, ஆக 85 நிமிடம், அதாவது ஒரு மணி 25 நிமிடம் என்று எண்ணிப் போகப் பழக்குங்கள். பிழை எந்த இடத்தில் பிறக்கிறது என்று பார்ப்பதே அன்றைய வேலை. விடை பிழை என்று கண்டதும் திருத்த ஓடாதீர்கள். “எப்பிடிச் செய்தனி? சொல்லு பாப்பம்” என்று கேட்டு முழுவதையும் கேளுங்கள். தடுமாறிய இரண்டு, மூன்று இடங்களைக் குறித்துவையுங்கள். இந்த விடுமுறைக்கு அவை மட்டும் போதும். எல்லாவற்றையும் மீட்கப் புறப்பட்டால் எதுவும் மீளாது.

நாளுக்கு இருபது நிமிடம்

கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம். தரம் 1, 2 பிள்ளைக்குப் பத்து நிமிடம் தாராளம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து வைத்துச் செய்வதைவிட இது நல்லது. ஒரே மூச்சில் படித்ததைவிட நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தது நெடுநாள் நிற்கும் என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885ஆம் ஆண்டிலேயே தன்மீது நடத்திய சோதனைகளில் காட்டினார். அதன்பின் வந்த ஆய்வுகளும் அதையே உறுதி செய்கின்றன.

முதல் ஐந்து நிமிடம் வாய்க்கணக்கு. அடுத்த பத்து நிமிடம் கொப்பி. நான்கு கணக்குப் போதும்: இன்று பழகுவதில் இரண்டு, நேற்றையதில் ஒன்று, போன கிழமையில் செய்ததில் ஒன்று. கடைசி ஐந்து நிமிடத்தில் பிள்ளை ஆசிரியராகட்டும். செய்த கணக்கில் ஒன்றைத் தங்கைக்கோ அம்மம்மாவுக்கோ சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுக்கும்போது எந்த இடத்தில் சொல் தடைப்படுகிறதோ, அந்த இடம் இன்னும் விளங்கவில்லை என்று பெற்றோர் அறிந்துகொள்ளலாம்.

காலை உணவுக்குப் பிறகு, விளையாடப் போகுமுன், ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் கிரிக்கெட்டுக்கும் கிளித்தட்டுக்கும் உரியது. இருபது நிமிடம் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிள்ளை நன்றாகச் செய்கிறதென்று இன்னும் நாலு கணக்குச் சேர்த்தால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை கொப்பியை ஒளித்துவைக்கும்.

சந்தைக் காலை

கிழமையில் ஒரு நாள் கொப்பி வேலைக்குப் பதிலாகச் சந்தை. இணுவில், உடுவில், சுன்னாகம், ஏழாலைச் செம்மண் தோட்டங்களின் விளைச்சல் மருதனார்மடச் சந்தையில் குவிகிறது. நெரிசல் குறைந்த நேரத்தில் போங்கள். விற்பவரின் வேலையைத் தடுத்து நிறுத்திக் கணக்குப் பழக்குவது முறையில்லை. விலையைக் கேட்டபின் ஓரமாக நின்று பிள்ளை யோசிக்கட்டும்.

வீட்டிலேயே பட்டியலைப் பிள்ளை எழுத வேண்டும். கத்தரிக்காய் முக்கால் கிலோ, பயிற்றங்காய் அரைக் கிலோ, கீரை மூன்று பிடி என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் கத்தரிக்காய் கிலோ 240 ரூபா, பயிற்றங்காய் கிலோ 320 ரூபா, கீரை ஒரு பிடி 50 ரூபா என்றால் உரையாடல் இப்படிப் போகலாம். விலைகள் செய்து காட்டுவதற்கானவை. அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

“அம்மா, முக்கால் கிலோ கத்தரிக்காய் எவ்வளவு வரும்?”

“கிலோ 240 எண்டால் அரைக் கிலோ எவ்வளவு?”

“120.”

“கால் கிலோ?”

“60.”

“அப்ப முக்கால்?”

“180!”

“சரி. காசு குடுக்க முதல் மொத்தம் எவ்வளவு வரும் எண்டு ஒரு மதிப்புச் சொல்லு. சரியாச் சொல்லத் தேவையில்லை.”

இந்த மதிப்பிடல் மிக முக்கியம். 180ஐ 200 என்றும், 160ஐ 150 என்றும் எடுத்து, கீரையின் 150ஐயும் சேர்த்து, ஏறத்தாழ 500 என்று பிள்ளை சொல்ல வேண்டும். உண்மைத் தொகை 490. இப்படி மதிப்பிடப் பழகிய பிள்ளை தாளில் 4,900 என்று விடை வந்தால் உடனே சந்தேகப்படும். பழகாத பிள்ளை கோடு போட்டு விட்டுவிடும்.

பிறகு ஆயிரம் ரூபாத் தாளைக் கொடுத்து மிச்சக்காசைக் கணக்கிடச் சொல்லுங்கள். அனுபவமுள்ள வியாபாரி கழிப்பதில்லை, கூட்டிக்கொண்டு போவார்: 490உடன் 10 சேர்த்தால் 500, இன்னும் 500 சேர்த்தால் ஆயிரம், ஆக மிச்சம் 510. பிள்ளைக்கு இந்த வழியைக் காட்டுங்கள். “அக்கா, மிச்சம் 510 தானே?” என்று பிள்ளையே கேட்டு வாங்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பி திறக்க வேண்டும். இந்தப் படியை விட்டால் சந்தைப் பயணம் வெறும் பயணமாகப் போய்விடும். 240ஐ நான்கால் வகுத்தால் 60. 60ஐ மூன்றால் பெருக்கினால் 180. 180, 160, 150 சேர்ந்தால் 490. 1000 கழித்தல் 490 சமன் 510. இவற்றை நிரல்படுத்தி எழுதச் செய்யுங்கள். கடன் வாங்கிக் கழித்த விடையும் கூட்டிக்கொண்டு போன விடையும் ஒன்றாக வருவதைப் பிள்ளை தானே காணட்டும். தரம் 5 பிள்ளையென்றால் 240இன் நாலில் மூன்று பங்கு என்றும் ஒரு வரி எழுத வேண்டும். வாயால் சொன்ன முக்காலும் புத்தகத்திலுள்ள பின்னமும் ஒன்றே என்று அப்போது விளங்கும்.

தசமத்துக்கும் சந்தையே நல்ல இடம். ஒரு தலைமுறைக்கு முன் சதக் கணக்கு பிள்ளைகளுக்குத் தசமத்தைப் பழக்கியது. இன்று கடையில் சதம் புழங்குவதில்லை, ஆகவே 2.50 என்பதைக் கையில் பிடித்துப் பார்க்கப் பிள்ளைக்கு வாய்ப்பில்லை. மின்தராசின் திரையில் அது இன்னும் இருக்கிறது. 0.750, 1.250, 0.085 என்று வரும் எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். 0.5 பெரிதா, 0.485 பெரிதா என்று கேளுங்கள். இலக்கம் கூட இருப்பதால் 0.485 பெரிது என்று சொல்லும் பிள்ளையை இரண்டையும் கிராமில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குசினியும் தோட்டமும்

பின்னத்தைக் குசினியில் தொடங்குங்கள். ஒரு தோசையை நாலாக வெட்டினால் ஒரு துண்டு கால். எட்டாக வெட்டினால் அரைக்கால். கால் பெரிதா, அரைக்கால் பெரிதா? எட்டு நாலைவிடப் பெரிது என்பதால் எட்டில் ஒன்றுதான் பெரிது என்று நினைக்கும் பிள்ளை தோசையைப் பார்த்ததும் திருந்திவிடும். அரிசியைச் சுண்டால் அளக்கும் வீடாக இருந்தால், ஒரு சுண்டு அரிசி எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்த்து, ஐந்து சுண்டுக்கு எவ்வளவு என்று பெருக்கட்டும். நாலு பேருக்குப் புட்டுக்கு எவ்வளவு மா என்று தெரிந்தால் ஆறு பேருக்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது தரம் 5க்கு உகந்த கணக்கு.

தோட்டமுள்ள வீட்டில் கணக்குக்குப் பஞ்சமில்லை. ஒரு பாத்தியில் 12 வரிசை, வரிசைக்கு 15 வெங்காயம் என்றால் மொத்தம் எவ்வளவு? 12ஐப் பத்தாகவும் இரண்டாகவும் பிரித்து, 150உம் 30உம் சேர்த்து 180 என்று சொல்லப் பழக்குங்கள். பிறகு தாளில் பெருக்கிச் சரிபார்க்கட்டும். அளவு நாடாவைக் கொடுத்துப் பாத்தியின் சுற்றளவையும் பரப்பளவையும் காணச் சொல்லுங்கள். இவ்விரண்டையும் குழப்பாத தொடக்கநிலைப் பிள்ளைகள் குறைவு. வேலி அடைக்கத் தேவையானது சுற்றளவு, நாற்று நடத் தேவையானது பரப்பளவு என்று இடத்தில் நின்று சொன்னால் குழப்பம் தீரும்.

காணிக் கணக்கைப் பாட்டனாரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எங்கள் தோட்டக்காணிக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்புக்கு 10 பேர்ச். அப்படியானால் நாலு பரப்பு கால் ஏக்கர், எட்டுப் பரப்பு அரை ஏக்கர். ஆறு பரப்புக் காணி வைத்திருப்பவர் ஓர் ஏக்கராக்க இன்னும் எத்தனை பேர்ச் வாங்க வேண்டும்? விடை 100. பழைய எண்சுவடியில் பதினாறில் ஒன்றை வீசம் என்றார்கள். ஒரு பரப்பு ஏக்கரில் ஒரு வீசம். பாட்டனின் சொல்லும் பேரனின் பாடப்புத்தகமும் சந்திக்கும் இடம் இது.

வாய்பாடு: உண்மையில் எத்தனை மனப்பாடம்?

வாய்பாடு என்றால் பிள்ளைகள் மலைக்கிறார்கள். மலைப்பைக் குறைக்க எண்ணிப் பார்ப்போம். 2 முதல் 9 வரையான எண்களின் பெருக்கங்களில் 3 தரம் 7ஐயும் 7 தரம் 3ஐயும் ஒன்றாக எடுத்தால் எல்லாமாக 36தான். இரண்டால் பெருக்குவது இரட்டிப்பு, பிள்ளைக்குத் தெரியும். ஐந்தால் பெருக்குவது பத்தால் பெருக்கியதில் பாதி. ஒன்பதால் பெருக்குவது பத்தால் பெருக்கி ஒருமுறை குறைப்பது: 9 தரம் 7 என்றால் 70இலிருந்து 7 போக 63. இவற்றை நீக்கினால் மிஞ்சுவது 15.

அந்தப் பதினைந்து: 3ஆம் வாய்பாட்டில் 3, 4, 6, 7, 8, 4ஆம் வாய்பாட்டில் 4, 6, 7, 8, 6ஆம் வாய்பாட்டில் 6, 7, 8, 7ஆம் வாய்பாட்டில் 7, 8, கடைசியாக 8 தரம் 8. இரண்டு நாளுக்கு ஒன்று என்றாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சிறு அட்டைகளில் ஒரு பக்கம் கணக்கும் மறுபக்கம் விடையும் எழுதுங்கள். தெரிந்த அட்டை ஒரு பெட்டிக்கு, தெரியாத அட்டை இன்னொரு பெட்டிக்கு. தெரியாத பெட்டியை நாளும், தெரிந்த பெட்டியைக் கிழமைக்கு ஒருமுறையும் எடுத்துக் கேளுங்கள். 7 தரம் 8 மறந்தால் 7 தரம் 4ஐ இரட்டித்து 28இலிருந்து 56க்கு வரலாம் என்று காட்டுங்கள். மறந்ததைத் தானே மீட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பயமில்லை.

விளையாட்டில் கணக்கு

பாம்பும் ஏணியும் பலகையை எடுத்துத் தூசு தட்டுங்கள். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வறிய குடும்பத்து முன்பள்ளிப் பிள்ளைகள் எண்கள் வரிசையாக எழுதிய பலகையில் நாலு சிறு அமர்வுகள் விளையாடியதிலேயே அவர்களின் எண்ணறிவு கூடியது. ஒரு நிபந்தனை உண்டு. 24இல் நிற்கும் காய்க்கு 5 விழுந்தால் 25, 26, 27 என்று பெட்டியின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்த்தினால் பயன் குறைவு.

தாயமும் கொக்கானும் சின்னப் பிள்ளைகளின் கூட்டலுக்கு உதவும். பெரிய பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அறிந்த முந்நூற்றிநாலு இருக்கிறது. ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் பெறுமதியில்லை. ஓர் இனத்தின் புள்ளிகளைக் கூட்டச் சொல்லுங்கள்: 76. நாலு இனத்துக்கும் பெருக்கினால் 304. விளையாட்டின் பெயர் வந்த வழியைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பிடித்த கைகளின் புள்ளிகளை எண்ணும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். காசு வைத்து ஆட வேண்டாம்.

கிரிக்கெட்டில் ஆறாம் வாய்பாடு ஓடிக்கொண்டே இருக்கிறது. எட்டு ஓவரில் எத்தனை பந்து, 31 பந்து எத்தனை ஓவரும் எத்தனை பந்தும், 48 ஓட்டம் எட்டு ஓவரில் என்றால் ஓவருக்கு எத்தனை? ஓட்டக் கணக்குக் கொப்பியைப் பிள்ளையே வைத்திருக்கட்டும்.

மூன்று விடுமுறைக்கு மூன்று வேலை

சித்திரையில் கைவிசேடம் வரும். யார் எவ்வளவு தந்தார் என்று ஒரு கொப்பியில் வரவு எழுதச் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு, பாதியைச் சேமித்தால் மிச்சம் எவ்வளவு, வாங்க விரும்பும் பொருளுக்கு இன்னும் எவ்வளவு தேவை? பிள்ளையின் சொந்தக் காசு என்பதால் கழித்தலில் கவனம் தானாக வரும்.

ஆவணி விடுமுறையை ஒட்டி நல்லூர்த் திருவிழா வரும். 25 நாள் திருவிழாவில் தேர் 24ஆம் நாள், தீர்த்தம் 25ஆம் நாள். கொடியேற்றம் ஆகஸ்ட் 5 என்று வைத்தால் தேர் எந்தத் திகதி? 5உடன் 24ஐக் கூட்டி 29 என்று சொல்லும் பிள்ளைகள் அதிகம். கொடியேற்ற நாளே முதலாம் நாள் என்பதால் 23ஐத்தான் கூட்ட வேண்டும், விடை 28. நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிச் சரிபார்க்கட்டும். போகவர பஸ் கட்டணத்தையும் பிள்ளையின் அரை ரிக்கற்றையும் கூட்டுவது அதே நாளின் இன்னொரு கணக்கு.

மார்கழி மழைக் காலம். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உள்ள ஒரு பாத்திரத்தை முற்றத்தில் திறந்த வெளியில் வைத்து, ஒவ்வொரு காலையும் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதி, வெறுமையாக்கி வைக்க வேண்டும். கிழமை முடிவில் பிள்ளை சதுரக்கோட்டுத் தாளில் சலாகை வரைபடம் வரையட்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். 8 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்ட நிலத்தில் 25 மில்லிமீற்றர் பெய்தால் 48 தரம் 25, அதாவது 1,200 லீற்றர். கிணற்று நீரை நம்பி வாழும் குடாநாட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

பெற்றோரின் பேச்சு

“எனக்கும் சின்னனில கணக்கு ஓடாது” என்று பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள். சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கணக்குப் பயமுள்ள பெற்றோர் வீட்டுவேலைக்கு அடிக்கடி உதவியபோது பிள்ளைகள் குறைவாகக் கற்றதும் அவர்களுக்கும் பயம் கூடியதும் தெரிந்தது. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு நம்பிக்கை தருகிறது. பெற்றோரும் பிள்ளையும் இரவில் சேர்ந்து சிறு கணக்குக் கதைகளை வாசித்துப் பேசிய வீடுகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள். கணக்குப் பயமுள்ள பெற்றோரின் பிள்ளைகளே அதிகம் பயனடைந்தார்கள். திருத்தும் வேலை உங்களுக்குக் கடினமென்றால் அதை விட்டு, கேட்கும் வேலையைச் செய்யுங்கள். “ஏன் அப்பிடி?” “வேற வழி இருக்கோ?” என்ற இரண்டு கேள்விகளுக்குப் பெற்றோர் கணித மேதையாக இருக்கத் தேவையில்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எங்கள் வீடுகளில் பெரிய பாரம். அதற்காக விடுமுறை முழுவதையும் மாதிரி வினாத்தாளால் நிரப்புவதை நான் ஏற்கவில்லை. ரியூசனுக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் இன்னொரு வினாத்தாள் வேண்டாம். அந்தப் பிள்ளைக்குத்தான் சந்தையும் தோட்டமும் கூடுதலாகத் தேவை. அண்ணாவோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள். முதல் நாளில் குறித்த பிழைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கடைசிக் கிழமை

பள்ளிக்கூடம் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, முதல் நாளில் கேட்ட அதே வகைக் கணக்குகளை வேறு எண்களோடு கேளுங்கள். 503க்குப் பதிலாக 604, 612ஐ ஆறால் வகுப்பதற்குப் பதிலாக 824ஐ எட்டால் வகுப்பது. திருந்தியவற்றைப் பிள்ளைக்கே காட்டுங்கள். திருந்தாத ஒன்று இருந்தால் அதை ஒரு தாளில் எழுதி, முதல் கிழமையிலேயே வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். எங்கே உதவி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் பெற்றோரை எந்த ஆசிரியரும் வரவேற்பார்.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஓர் அடிமட்டம், வீட்டிலுள்ள ஒருவரின் இருபது நிமிடம் போதும். அப்பா தோட்டத்திலோ வேலையிலோ இருந்தால் அம்மம்மா உட்காரலாம். அம்மா வேலைக்குப் போனால் சித்தியோ அக்காவோ உட்காரலாம். வரும் விடுமுறையின் முதல் திங்கட்கிழமையே தொடங்குங்கள். அந்தக் கிழமைச் சந்தைக்குப் போகும்போது பையோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் கொப்பியைத் திறந்துவையுங்கள்.